52 வயதில் வயலின்: மூளை உண்மையிலேயே மாறுகிறதா, ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

நீலவானம்:

வணக்கம். ஐந்து மாதத்துக்கு முன்பு வயலின் வகுப்பில் சேர்ந்தேன். வயது 52. அதற்கு முன் எந்த இசைக்கருவியையும் தொட்டதில்லை. வில் பிடிப்பது ஓரளவு வந்துவிட்டது, இடது கைதான் பிரச்சினை. மோதிர விரலை அழுத்தினால் சுண்டு விரலும் விறைத்துக்கொண்டு எழுகிறது. இன்னொன்று. வெள்ளிக்கிழமை வகுப்பில் சரியாக வாசிக்கிறேன். சனி, ஞாயிறு வீட்டுவேலையில் போய்விடும். திங்கட்கிழமை எடுத்தால் கழுவித் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை.

என்னோடு சேர்ந்த பத்து வயதுப் பெண் என்னைத் தாண்டிப் போய் வெகுநாள் ஆகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று என் அண்ணன் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இந்தப் பக்கம் "மூளை எந்த வயதிலும் மாறும்" என்று காணொளிகள் வரிசையாக வருகின்றன. பொறுமையாகப் பார்த்தால் கடைசியில் ஒரு செயலியை வாங்கச் சொல்கிறார்கள். "அம்மா, நீ ஏன் இவ்வளவு யோசிக்கிறாய், வாசி" என்கிறாள் மகள். யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒன்றைக் கற்கும்போது தலைக்குள் என்னதான் மாறுகிறது? என் வயதில் எவ்வளவு மாறும்? ஆறுதலுக்காக எதுவும் வேண்டாம்.

இரவுவாசகன்:

அக்கா, நான் மருத்துவர் இல்லை. பல வருடங்களாக இதைத் தேடித் தேடிப் படிப்பவன்.

உங்கள் அண்ணன் சொன்னதை ஒரு காலத்தில் அறிவியலும் சொன்னது. நரம்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து காட்டிய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ காஹால், 1906இல் நோபல் பரிசு பெற்றவர், வளர்ந்த மனிதரின் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்று எழுதினார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பால் அது வெகுகாலம் நிலைத்துவிட்டது.

மாற்றம் பெரும்பாலும் நரம்பணுக்களுக்கு இடையில் உள்ள இணைப்புகளில்தான் நடக்கிறது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் தொடர்புகள். இரண்டு நரம்பணுக்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து இயங்கினால் அவற்றின் தொடர்பு வலுப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949இல் சொன்னார். அப்போது அது ஊகம். 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கொஞ்ச நேரம் வேகமான மின்தூண்டல் கொடுத்தார்கள். அதன்பின் அந்த இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது எரிக் காண்டெல் செய்த வேலை. ஏப்ளிசியா என்ற கடல் நத்தையை எடுத்துக்கொண்டார். அதன் நரம்பு மண்டலத்தில் சுமார் 20,000 நரம்பணுக்களே உண்டு, அதனால் எந்த இணைப்பு மாறுகிறது என்று கைவைத்துக் காட்ட முடிந்தது. சில நிமிடம் நிற்கும் நினைவுக்கு, இருக்கிற இணைப்பில் ஒரு வேதிமாற்றம் போதும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமானால் மரபணுக்கள் இயங்கி, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்க வேண்டும். 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. உங்கள் வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் எனக்கு உடனே நினைவூட்டியது இதைத்தான்.

வயலின் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழு, நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களின் மூளையைப் பார்த்தது. இடது கை விரல்களின் தொடு உணர்வுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. கருவியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும் கட்டைவிரலுக்கு மாற்றம் குறைவு. வில் பிடிக்கும் வலது கைக்கு வித்தியாசமே இல்லை. எந்த விரல் நுணுக்கமாக வேலை செய்ததோ அந்த விரலுக்கு மட்டும்! ஆறுதல் வேண்டாம் என்றீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன்: சிறு வயதில் தொடங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் அதிகமாக இருந்தது.

கைத்தாங்கல்:

பிசியோதெரபிஸ்டாக 19 வருடம் வேலை. முதலில் அந்தச் சுண்டு விரல். அம்மா, அது முழுக்க மூளையின் குற்றம் இல்லை. கையின் பின்புறத்தில் விரல்களை நிமிர்த்தும் தசைநாண்களுக்கு இடையே குறுக்கு நார்கள் ஓடுகின்றன. அதனால் மோதிர விரலுக்கு யாருக்குமே முழுச் சுதந்திரம் கிடையாது. உங்கள் கையை மேசையில் வைத்து நடுவிரலை மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். பத்து வயதுப் பெண்ணுக்கும் அதே கைதான்.

இப்போது மூளைக்கு வருகிறேன். நான் பார்ப்பது பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களை. முதல் சில வாரங்களில் பாதிக்கப்பட்ட கை வராது. அதனால் நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுவார்கள். பிறகு அந்தக் கையில் கொஞ்சம் பலம் திரும்பினாலும் அதைப் பயன்படுத்தவே தோன்றாது. "வராது" என்பதையே மூளை பாடமாகக் கற்றுக்கொண்டுவிடுகிறது. இதை முதலில் கண்டு சொன்னவர் எட்வர்ட் டாப். அவருடைய சிகிச்சை கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். நல்ல கையை விழித்திருக்கும் நேரமெல்லாம் உறை மாட்டிக் கட்டிவைத்துவிட்டு, பாதிக்கப்பட்ட கையால் நாள்தோறும் மணிக்கணக்கில் வேலை செய்ய வைப்பது, இரண்டு வாரத்துக்கு. 2006இல் 222 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வழக்கமான பராமரிப்பைவிட இது கையின் பயன்பாட்டை நன்றாகவே மீட்டது. எல்லாருக்கும் பொருந்தாது, மணிக்கட்டிலும் விரலிலும் சிறிதாவது அசைவு இருக்க வேண்டும்.

ரண்டால்ஃப் நூடோ 1996இல் குரங்குகளிடம் காட்டியது என் வேலையில் தினமும் மனதில் ஓடும். மூளையில் சிறு பாதிப்பு ஏற்பட்டபின் கைக்குப் பயிற்சி கொடுக்காத குரங்குகளில், பாதிப்பைச் சுற்றியிருந்த நல்ல கைப்பகுதியும் சுருங்கியது. பயிற்சி கொடுத்த குரங்குகளில் அது தங்கியது. இடம் காலியாக இருந்தால் காலியாகவே போகும்.

ஆனால் வெறுமனே கையை ஆட்டிவிடுவதால் ஒன்றும் வருவதில்லை. வீட்டார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கையை நீட்டி மடக்கிவிடுவார்கள். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். கற்றுக்கொள்ள உதவாது. நோயாளியே முயன்று, தவறி, கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி முயல வேண்டும்.

கேள்விக்குறி:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. நரம்பியல் ஆய்வகத்தில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை மட்டும். "மூளை தன்னையே மாற்றி அமைத்துக்கொள்ளும்" என்பதை எல்லை தெரியாமல் சொல்லிக்கொண்டு போனால் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பொய் நம்பிக்கை கொடுத்துவிடுவோம். அதைப் பார்த்திருக்கிறேன்.

கை இழந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் வி. எஸ். ராமச்சந்திரன், அப்படிப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது இல்லாத கையில் தொடுவதாக அவர் உணர்ந்ததைக் காட்டினார். மூளையில் முகப்பகுதியும் கைப்பகுதியும் அக்கம்பக்கம். கைப்பகுதி சும்மா கிடப்பதால் முகம் உள்ளே நுழைந்துவிட்டது என்பது விளக்கம். பாடநூல்கள்வரை போன கதை. பிறகு தமர் மேக்கின் குழு, கை இழந்தவர்களை இல்லாத விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லி மூளையைப் படமெடுத்தது. பழைய கையின் வரைபடம் பல வருடங்கள் கழித்தும் அப்படியே இருந்தது. ஒரே ஆட்களைக் கை அகற்றும் முன்னும் பின்னும் பார்த்த 2025 ஆய்வும் அதையே சொல்கிறது.

மேக்கினும் ஜான் கிராக்கவரும் 2023இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதுதான்: கற்றல் என்பது ஏற்கெனவே இருக்கும் திறன் கூர்மைப்படுவது. ஒரு பகுதி தன் வேலையை விட்டுவிட்டுப் புது வேலைக்குப் போவது இல்லை. அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்தபின் நான் இந்த விஷயத்தைப் பேசும் விதம் மாறியது.

இன்னொன்று, ஆதாயத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். எலினர் மக்வயர் 2000இல் அவர்களைப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. இதை எல்லாரும் சொல்வார்கள். முன்பகுதி சிறிதாக இருந்ததைச் சொல்ல மாட்டார்கள். சிக்கலான படத்தைப் பார்த்து, பிறகு நினைவிலிருந்து வரைவதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

இரவுவாசகன்:

கேள்விக்குறி சார், ஏற்கிறேன். ஆனால் அந்த ஓட்டுநர் கதையின் அடுத்த பாகத்தை விட்டுவிட்டீர்களே. பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் ஓட்டுநர் ஆகிறார்களோ என்ற சந்தேகம் 2000 ஆய்வில் தீரவில்லை. 2011இல் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே படமெடுத்தார்கள். அப்போது வித்தியாசம் இல்லை. சில வருடம் கழித்துத் தேர்வில் வென்ற 39 பேரிடம் பின்பகுதி வளர்ந்திருந்தது. தோற்றவர்களிடம் இல்லை. எல்லாரும் வளர்ந்தவர்கள். பிறவி வித்தியாசம் இல்லை, கற்றதால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

கேள்விக்குறி:

ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல ஆய்வு.

விரல்மொழி:

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 31 வயதில் எனக்குப் பார்வை போனது. அடுத்த ஆண்டு பிரெய்லி கற்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதம் என் விரலுக்குக் கீழே இருந்தது எழுத்து இல்லை, சொரசொரப்பு. ஆறு புள்ளிகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரிக்கவே முடியாது. தினமும் அழுதிருக்கிறேன். பிறகு ஒருநாள் ஒரு சொல் "கேட்டது". வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புள்ளிகளை எண்ணாமலே சொல் வந்துவிட்டது.

நீலவானம் அம்மா, உங்கள் வெள்ளி–திங்கள் கணக்கைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அல்வாரோ பாஸ்குவல்-லியோனே என்ற நரம்பியலாளர், வாரம் ஐந்து நாள் பிரெய்லி கற்றவர்களின் விரலுக்கான மூளைப்பகுதியை ஒரு வருடம் அளந்துவந்தார். வெள்ளிக்கிழமை அளந்தால் அந்தப் பகுதி விரிந்திருக்கும். வார இறுதி ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை அளந்தால் பழைய அளவுக்கே திரும்பியிருக்கும். மாதக்கணக்கில் இப்படியே. சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் திங்கட்கிழமை அளவு மெல்ல ஏறத் தொடங்கியது. அவர்களுடைய வாசிப்பு வேகம் ஒத்துப்போனது வெள்ளிக்கிழமை அளவோடு இல்லை, திங்கட்கிழமை அளவோடுதான்.

எனக்கு இது அப்போதே தெரிந்திருந்தால் அந்த மூன்று மாதம் அவ்வளவு கசந்திருக்காது. ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக் கைவிடப் போனேன். உள்ளே ஏதோ ஒன்று தினமும் எழுதப்பட்டு அழிந்து, மறுபடி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

பார்வைப் பகுதி பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்லி வாசிக்கும்போது அவர்களுடைய பார்வைப் புறணி (மூளையில் பார்வையைக் கையாளும் பகுதி) இயங்குவதை 1996இல் கண்டார்கள். அடுத்த ஆண்டு, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைக் குழப்பினால் அவர்கள் எழுத்துகளைத் தவறாக வாசிப்பதையும் காட்டினார்கள். ஆக அது வெறுமனே இயங்கவில்லை, வாசிக்க உதவுகிறது. என்னைப் போலப் பெரியவராகிப் பார்வை இழந்தவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. எனக்கும் வேகம் குறைவுதான். ஆனால் வாசிக்கிறேன்.

நீலவானம்:

விரல்மொழி, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. நன்றி.

புதுத்தாய்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் குழந்தைக்கு ஒன்பது மாதம். "மூன்று வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும், இப்போதே படங்காட்டும் அட்டைகள் வாங்கு" என்று சுற்றியிருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

இரவுவாசகன்:

சகோதரி, பயப்பட வேண்டாம். பாதி உண்மையை முழு உண்மையாக்கிச் சொல்கிறார்கள்.

சில விஷயங்களுக்குக் காலக்கெடு உண்டு. ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்துத் திறந்தபோது, கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் கண்ணைச் சட்டை செய்யவில்லை. வளர்ந்த பூனைக்கு அப்படிச் செய்தால் பாதிப்பில்லை. 1981 நோபல் பரிசில் இதற்கும் பங்கு உண்டு. அதனால்தான் குழந்தையின் கண்புரையையும் மாறுகண்ணையும் தள்ளிப்போடாமல் கவனிக்கச் சொல்கிறார்கள்.

பேச்சொலிக்கும் இப்படி ஒரு கெடு இருக்கிறது. ஜேனட் வெர்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் 'ட', 'த' வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது. நமக்குப் பிரித்துக் கேட்பதற்கு யோசிக்கவே வேண்டாத இரண்டு ஒலிகள்! உங்கள் குழந்தைக்கு இப்போது அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு அட்டை வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

கெடு என்றால் கதவு அடைபடுவது என்றும் நினைக்க வேண்டாம். பிறவியிலேயே கண்புரையோடு இருந்து எட்டு வயதுக்குப் பிறகு அறுவை சிகிச்சை பெற்ற இந்தியக் குழந்தைகளைப் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் தொடர்ந்து கவனித்தது. கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முதலில் அவர்களால் முடியவில்லை. சில நாட்களிலேயே முடிந்தது. பார்வைக் கூர்மை முழுதாக வரவில்லை, ஆனாலும் பார்க்கக் கற்றார்கள்.

புதுத்தாய்:

மனசு லேசாயிற்று. அட்டைகளை வாங்கவில்லை.

நீலவானம்:

எனக்கு இரண்டு கேள்வி மிச்சம். மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றையும் சேர்த்துச் செய்தால் வயலின் சீக்கிரம் வருமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பழகலாம்? ஒரே வரியைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கேள்விக்குறி:

செயலி வேண்டாம். 2010இல் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் அப்படிப்பட்ட பயிற்சிகள் செய்யவைத்தது. எந்த விளையாட்டை விளையாடினார்களோ அதில் தேறினார்கள். அதற்கு நெருக்கமான வேறு சோதனைகளில்கூட முன்னேற்றம் தெரியவில்லை. வயலின் வர வேண்டுமானால் வயலின் வாசிக்க வேண்டும்.

கையில் வயலின் இல்லாத நேரத்தில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 1995இல் பாஸ்குவல்-லியோனே பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு வாசித்தது. இன்னொரு குழு வாசிப்பதாக மனதில் நினைத்தது மட்டும். இரண்டு குழுவிலும் மூளையில் விரல்களை இயக்கும் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்தது. வாசிப்பில் நினைத்தவர்கள் பின்தங்கினாலும், ஒரே ஒரு தடவை கையால் பழகியதும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

கைத்தாங்கல்:

ஒரே வரியை ஒரு மணி நேரம் என்றதும் பதறிப்போனேன். வேண்டாம் அம்மா. ஒரே அசைவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் செய்யும் இசைக்கலைஞர்கள் சிலருக்கு விரல்கள் சொன்னபடி கேட்காமல் தாமாக மடங்கிக்கொள்ளும். ஃபோக்கல் டிஸ்டோனியா என்பார்கள். பக்கத்துப் பக்கத்து விரல்களின் பகுதிகள் மூளையில் ஒன்றோடொன்று கலந்துபோயிருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அளவில் அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் பழக்கத்தால் மூளை கெட்டதையும் கற்கும் என்பதற்குச் சொன்னேன்.

பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் கையைக் கீழே விடுங்கள். விரல் தட்டும் வரிசையைக் கற்பவர்களை 2019இல் அளந்தபோது, தொடக்கத்தில் வேகம் கூடியது தட்டும்போது இல்லை, நடுவே கொடுத்த பத்து நொடி ஓய்வில். தூக்கமும் அப்படித்தான். 2002இல் மாத்யூ வாக்கர் குழு செய்த ஆய்வில், இதே போன்ற விரல் வரிசையைக் கற்றவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பகல் முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் வாசியுங்கள், அப்புறம் நன்றாகத் தூங்குங்கள்.

சனி, ஞாயிறு ஐந்து நிமிடமாவது தொடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

விரல்மொழி:

மெதுவாக வாசியுங்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாகத் தடவிய நாளில் எனக்குத் தப்பான எழுத்துகள்தான் மனதில் பதிந்தன. அவற்றை அழிக்கப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் பிடித்தது.

நீலவானம் (பத்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். இழை கீழே போயிருக்கும் என்று நினைத்தேன், இன்னும் ஆட்கள் படிக்கிறார்கள் போல.

நீங்கள் சொன்னபடி பிரித்துப் பழகினேன். காலையில் இரண்டு தடவை, இரவு ஒரு தடவை. பேருந்தில் கண்ணை மூடி விரல்களை மடியில் வைத்து மனதுக்குள் வாசிப்பேன். சனி, ஞாயிறு ஐந்து நிமிடம் என்று தொடங்கியது இப்போது பத்து ஆகிவிட்டது. இரண்டு வாரம் உடம்பு சரியில்லாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பின் எடுத்தபோது எல்லாம் போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பாதி இருந்தது.

நேற்று திங்கட்கிழமை. முதல் பாடத்திலிருந்து தொடங்காமல், வெள்ளிக்கிழமை நிறுத்திய வரியை நேரே எடுத்தேன். முதல் தடவை பிசிறியது. இரண்டாவது தடவை வந்தது. சுண்டு விரல் இன்னும் எழுகிறது, ஆனால் முன்பு தந்தியை விட்டு ஒரு விரல்கடை தூரம் போகும், இப்போது பக்கத்திலேயே நிற்கிறது. அண்ணன் வந்திருந்தார், அடுத்த அறையில் இருந்தார். வாசித்து முடித்ததும் எட்டிப் பார்த்து, "அதே வரியை இன்னொரு தடவை வாசி" என்றார்.

விரல்மொழி, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். நீங்கள் இப்போது என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?